தலையாட்டும் மச்சான்

கார் கிளம்ப இன்னும் நாற்பது விநாடிதான் இருந்தது. ஸ்டோர் கீப்பர் மடியிலிருந்த நோட்டைத் திறந்தார். ‘டீச்சர் அக்கா, தோள் பதினாலு, இடுப்பு முப்பத்தாறு’ என்றது முதல் பக்கம்.

மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அளவு நோட்டும் இவருடைய வளைவு நோட்டும் ஒரே நீல அட்டை போட்டவை. காலையில் அவசரத்தில் மாற்றி எடுத்து வந்திருக்கிறார் மனுஷன்.

ராலி பந்தயக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவருக்கு வேலையே வாசிப்பதுதான். முன்கூட்டியே ரோட்டைச் சுற்றிப் பார்த்து எழுதியதை, ஒவ்வொரு வளைவும் வருமுன் ஹெல்மெட் மைக்கில் சொல்ல வேண்டும்; இன்ஜின் இரைச்சலில் வெறும் வாய்ப் பேச்சு காதில் விழாது. ஒன்று என்றால் படுமோசமான திருப்பம், ஆறு என்றால் லேசான திருப்பம். ஓட்டுகிறவரோ மனைவியின் அண்ணன். போன போட்டியில் கார் வாய்க்காலில் இறங்கியதற்குப் பழி முழுக்க இவர் தலையில் விழுந்தது. இன்னொரு தப்பு நடந்தால் ஆளை மாற்றிவிடுவேன் என்று மச்சான் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். மாமனார் வீட்டில் இவருக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் இந்த சீட்டால் வந்தது. அது போனால் வெறும் ஸ்டோர் கீப்பர்தான்.

“மச்சான், கேக்குதா?” என்று வழக்கம்போல் மைக்கில் கேட்டார்.

மச்சான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கார் ஓடும்போது அவர் வாய் திறக்க மாட்டார். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தம். மூன்று வருஷமாக அதுதான் சட்டம்.

கார் பாய்ந்தது. முதல் மூன்று வளைவுகள் நினைவில் இருந்தன, சொல்லிவிட்டார். நாலாவது சுத்தமாக மறந்துவிட்டது. சும்மா இருந்தால் மாட்டிக்கொள்வோமே என்று குத்துமதிப்பாக “வலது நாலு” என்றார். ரோடு இடது பக்கம் ஒடிந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது கார் ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தது. மச்சான் தலையாட்டினார்.

இதென்ன கூத்து என்று தோன்றினாலும் நிறுத்த முடியவில்லை. பதற்றத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தார். டீச்சர் அக்காவின் கழுத்து, போஸ்ட்மாஸ்டரின் தொடை, பல் டாக்டரின் தொப்பை நாற்பத்தி நாலு. குண்டும் குழியுமான ரோட்டில் மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அதலபாதாளம்.

ஸ்டோர் கீப்பர் நோட்டை மூடினார். சீட்டு போனால் போகட்டும், உயிர் முக்கியம்.

“மச்சான், நோட்டு மாறிப்போச்சு. இது உங்க தங்கச்சியோட அளவு நோட்டு. வண்டிய நிறுத்துங்க.”

மச்சான் தலையாட்டிவிட்டு இன்னும் வேகமாக மிதித்தார்.

சரி, கதை முடிந்தது என்று முடிவு கட்டினார். சாகப்போகிற நேரத்தில் மனசில் பாரம் எதற்கு?

“உங்க புதுக் காரைச் சுவத்துல தேச்சது நான்தான் மச்சான். பாவம் பக்கத்து வீட்டுக்காரர், நீங்க அவரோட பேச்சையே நிறுத்திட்டீங்க.”

அதற்கும் தலையாட்டினார்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பலகையில் நேரம் போட்டார்கள். அவர்கள் முதலிடம். ஸ்டோர் கீப்பர் பலகையை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றினார். “என்ன மாப்பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? இன்னைக்குப் பிரமாதமா படிச்சீங்க. அடுத்த போட்டிக்கும் நீங்கதான்” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

எவ்வளவு பெரிய மனசு! ஸ்டோர் கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டு மாறியது முதல் மச்சான் மன்னித்தது வரை ஒன்று விடாமல் அவர்கள் காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் கொட்டித் தீர்த்தார்.

மெக்கானிக் டயரைக் கழற்றியபடியே நிதானமாகச் சொன்னான்:

“உங்க மைக் ஒயரை மூணு வருஷத்துக்கு முன்னாடியே வெட்டிவிடச் சொல்லிட்டாருண்ணே, வண்டி ஒரு பக்கமா சாயாம இருக்க எண்பது கிலோ வேணும்னுதான் உங்களை உக்கார வெச்சிருக்காரு.”