இரண்டு பக்கமும் மேல்பக்கம்

தொலைபேசியை வைத்த பிறகுதான், தாம் சொன்ன பொய்யின் அளவு மெத்தைக்கடைக்காரருக்கு உறைத்தது.

மறுமுனையில் பேசியவர் அவருடைய சம்பந்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "எங்க மகன் வழிப் பேத்தி சிட்டு ராத்திரியில டயப்பரை விட்டு ரொம்ப நாளாச்சு. உங்க வீட்ல எப்படி?" என்று அவர் கேட்ட தோரணை, மாணவனிடம் மதிப்பெண் கேட்பது போல இருந்தது.

"எங்க பேரன் உருண்டையா? அவன் எப்பவோ விட்டுட்டானே!" என்று வாய் முந்திக்கொண்டது.

தலைமுறை தலைமுறையாக மெத்தை தைத்து விற்கும் குடும்பம். ஊரில் பாதிப் பேர் அவர்கள் மெத்தையில்தான் தூங்கி எழுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மெத்தையை நனைக்கிறான் என்று வெளியே தெரிந்தால், கடைப் பலகையைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

"மாமா, எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க?" சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது.

"உண்மையைத்தாம்மா சொன்னேன். கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டேன்."

மருமகள் கரண்டியோடு வெளியே வந்தாள். "காலையில டயப்பர் தொடர்ந்து காஞ்சு இருந்தாதான் ராத்திரிப் பழக்கத்தை ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இவனோடது இன்னும் பூசணிக்காய் மாதிரி கனக்குது. அவனுக்கு இரண்டரை வயசுதான் மாமா. அவனா தயாராகட்டும்."

"சனிக்கிழமை உங்கப்பா வீட்டுக்குப் போறோம். அதுக்குள்ள தயாராயிடுவான். நம்ம ரத்தம்மா அது!"

"ரத்தத்தை யாரு இப்ப பேசுறா? அப்புறம், எங்கப்பா சொல்றதையெல்லாம் அப்படியே நம்பாதீங்க."

"தலைமையாசிரியர் பொய் சொல்லுவாரா?" என்று அவர் அதட்டினார்.

மகன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவன் கட்டிய ஒரே மதில் அதுதான்.

முதல் நாள், ராத்திரி டயப்பரும் கிடையாது, பொழுது சாய்ந்த பிறகு குழந்தைக்குத் தண்ணீரும் கிடையாது என்று சட்டம் போட்டார். உருண்டை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "தாத்தா, தண்ணி" என்றான். அவர் கல்லாக இருந்தார். அவன் காலைக் கட்டிக்கொண்டு மறுபடி, "தாத்தா, தாகம்" என்றான். கல் கரைந்தது. யாருக்கும் தெரியாமல் அவரே ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்தார். குழந்தை மிச்சம் வைக்காமல் குடித்தான். விடிந்தபோது தலையணையும் நனைந்திருந்தது.

"தலையணை எப்படிப்பா நனைஞ்சது?" என்று மகன் கேட்டான்.

"உன் பிள்ளை தலைகீழாப் படுத்திருக்கான். உன்னை மாதிரியே."

அடுத்த நாள் அலாரம் வைத்து எழுப்பினார். குழந்தை எழுந்தான், கழிப்பறைக்கும் போனான். ஆனால் திரும்பி வந்து படுக்கவில்லை. தாத்தாவே எழுப்பியதால் விளையாட்டு நேரம் என்று முடிவு செய்து, வெளிச்சம் வரும்வரை அவர் முதுகில் யானை ஓட்டினான். பிறகு களைத்துப் படுத்து, படுத்த வேகத்தில் நனைத்தான்.

அன்று பகலில் மெத்தைக்கடைக்காரர், கடையில் பார்வைக்குப் போட்டிருந்த மெத்தையில் சாய்ந்தவர் அப்படியே குறட்டை விட்டுவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர் அவரைச் சுற்றி வந்து பார்த்து, "எனக்கு இதே மெத்தைதான் வேணும். இவரை மட்டும் எடுத்துட்டுக் கட்டிக் கொடுங்க" என்றார்.

மூன்றாவதாக வந்தது ரப்பர் விரிப்பு. அதன் மேல் குழந்தையைப் படுக்கவைத்து, காவலுக்குப் பக்கத்தில் தாமே படுத்தார். வழவழப்பில் குழந்தை சறுக்கிச் சறுக்கி தாத்தாவின் வயிற்றில் வந்து ஒட்டிக்கொண்டான். காலையில் ரப்பர் விரிப்பு பொட்டுக்கூட ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. அவருடைய வேட்டிதான் நனைந்திருந்தது.

அவர் எழுந்து நின்ற கோலத்தைக் கண்ட உருண்டை, பால்கனிக்கு ஓடி, கீழே பால் வாங்கிக்கொண்டிருந்த தெருவுக்கெல்லாம் கேட்கும்படி அறிவித்தான்: "தாத்தா உச்சா போயிட்டாரு!"

"வயசானா அப்படித்தான்டா செல்லம், திட்டக்கூடாது" என்று எதிர்வீட்டு அம்மாள் பரிவோடு குரல் கொடுத்தாள். அன்று முழுவதும் அவர் தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை வந்துவிட்டது. கிளம்பும்போது மருமகளின் பைக்குள் ஒரு டயப்பர் கட்டு துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"மாமா, அங்க அசிங்கமாயிடப் போகுது."

"டயப்பரோட போனாதான் அசிங்கம்!"

சம்பந்தி வீட்டில் தடபுடலான வரவேற்பு. தலைமையாசிரியர் முதுகை வளைக்காமல் நின்று கைகூப்பினார். "சிட்டு படுக்கிற அறையை உங்களுக்காக ஒதுக்கியிருக்கேன். அவ அம்மாகிட்டப் படுத்துக்குவா. மெத்தை ஞாபகமிருக்கா? கல்யாணத்துக்கு நீங்க தைச்சுக் கொடுத்தது."

மறக்குமா? மெத்தைக்கடைக்காரரின் நெஞ்சு நிமிர்ந்தது. "எங்க மெத்தைக்கு மேல் கீழ் கிடையாது சம்பந்தி. ரெண்டு பக்கமும் மேல்பக்கம்தான். நடுவுல கெட்டித் துணி வச்சிருக்கேன். ஒரு பக்கம் கொட்டினது மறுபக்கம் போகவே போகாது."

தலைமையாசிரியர் ஏனோ இருமினார்.

அந்த மெத்தையில் பேரனோடு படுத்திருந்த மெத்தைக்கடைக்காரர் காலையில் கண் விழித்ததும் கையால் தடவிப் பார்த்தார். குளம்.

உருண்டை கைகொட்டிச் சிரித்தான். அவனுக்கு வேறு உடை மாற்றி, "மாடு பாரு, தோட்டத்துல மாடு" என்று இல்லாத மாட்டைச் சொல்லி வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார். தொழில் கைகொடுக்கும் நேரம் இது. எவ்வளவு கனத்த மெத்தையானாலும் தனியாளாகப் புரட்டிப் போடுவது அவருக்குப் பால பாடம். விரிப்பை உருவி, ஓரத்தைப் பிடித்து, முழங்காலைக் கொடுத்து ஒரே வீச்சில் திருப்பிப் போட்டார். குடும்ப மானம் கீழ்ப்பக்கம் போய் ஒளிந்துகொண்டது. அப்பாடா!

ஜன்னலோரம் இருந்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

மேலே வந்த பக்கத்தில் மஞ்சள் மஞ்சளாக வட்டங்கள். சிறியதும் பெரியதுமாக, தேசப்படம் போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பரவியிருந்தன.

ஊறி மறுபக்கம் வரைக்கும் வந்துவிட்டதே! கெட்டித் துணி எங்கே போனது? தாத்தா காலத்திலிருந்து கொடுத்துவந்த உத்தரவாதம் ஒரே ராத்திரியில் பொய்த்துவிட்டதே! வீட்டு மானமும் கடை மானமும் சேர்ந்தே போய்விட்டன.

கதவு திறந்தது. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்து நின்றார். அவர் பார்வை மெத்தையில் விழுந்தது, முகம் வெளுத்தது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மெத்தைக்கடைக்காரர் இரு கைகளையும் கூப்பினார். "சம்பந்தி, மன்னிச்சிடுங்க. எங்க உருண்டை இன்னும் டயப்பர்லதான் இருக்கான். உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். என் மெத்தையும் என்னைக் கைவிட்டுடுச்சு."

சொல்லி முடித்ததும் மார்பிலிருந்து பெரிய மூட்டை இறங்கியது போலிருந்தது. ஒரு வாரமாக இல்லாத லேசு.

தலைமையாசிரியர் மேற்கூரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, மிகுந்த பெருந்தன்மையோடு, "பரவாயில்லை சம்பந்தி. குழந்தைதானே. எல்லாக் குழந்தையும் சிட்டு மாதிரி இருக்குமா?" என்றார்.

அந்நேரம் தேநீரோடு உள்ளே வந்த சம்பந்தியம்மாள், மெத்தையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னண்ணா, நீங்களும் திருப்பிட்டீங்களா? சிட்டு நனைச்ச பக்கம் உங்க கண்ணுல படக்கூடாதுன்னு நேத்துதான் இவர் மூச்சு வாங்க அதைக் கீழ தள்ளினாரு. இனி மறைக்கிறதுக்கு மூணாவதா ஒரு பக்கம் வச்சுத் தைச்சுக் கொடுங்க!"