தவறணையில் ஓர் அளவுக் கிளாஸ்

புத்தகத்தை அப்படியே நம்புகிற இளம் வைத்தியரைவிட ஆபத்தான நோய் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில், காங்கேசன்துறைப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த நோயாக இருந்தவன் நான்தான்.

அப்போதுதான் வட்டுக்கோட்டையில் ரஞ்சிதத்தை எனக்குக் கலியாணம் பேசி முற்றாக்கியிருந்தார்கள். ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அவளுடைய தகப்பனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரூராகப் போய் மதுவிலக்குப் பிரசங்கம் செய்கிறவர் (என் அதிர்ஷ்டம் அப்படி).

ஒரு நாள் கடற்றொழிலாளி வேலுப்பிள்ளையை அவருடைய மனைவி இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார். காலையில் கை நடுங்கி வலை பிடிக்க முடியவில்லை. குடிநோயாளி எவ்வளவு குடிக்கிறார் என்பதை முதலில் அவுன்ஸ் கணக்கில் அறிய வேண்டும் என்பது புத்தகத்தின் கட்டளை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பியள்?"

"பெரிசா இல்லை ஐயா. ஒரு நாலு பிளா."

"பத்தெண்டு எழுதுங்கோ," என்றார் மனைவி.

பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டிய கள்ளுக் குடிகலம். அதில் எத்தனை அவுன்ஸ் பிடிக்கும்? (புத்தகம் எழுதிய வெள்ளைக்காரன் பனைமரத்தையே கண்டிருக்கமாட்டான்.) வேறு யாராவது என்றால் "நிறையக் குடிக்கிறார்" என்று எழுதிவிட்டு மருந்தைத் தொடங்கியிருப்பார்கள். நானோ விஞ்ஞானி. மருந்து கலக்கும் அறையிலிருந்த அளவுக் கிளாஸை எடுத்துக்கொண்டு, வழிகாட்ட வேலுப்பிள்ளையையே சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில் தவறணைக்குப் போனேன். குடிநோயாளியைக் குணமாக்கக் கள்ளுக்கடைக்கே கூட்டிப்போன மேதை!

பிளாவில் வார்ப்பித்து, கிளாஸில் ஊற்றி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடி அளவு பார்த்தேன். பிளாவுக்குப் பிளா அளவு மாறியது. சராசரி எடுக்கலாம் என்று இன்னும் வார்க்கச் சொன்னேன். அளந்த கள்ளு வீணாகாமல் வேலுப்பிள்ளை பார்த்துக்கொண்டார். இந்தக் கோலத்தில் நான் நிற்கும்போதுதான் ரஞ்சிதத்தின் சித்தப்பா தெருவால் போனார்.

மறுநாள் தலைமையாசிரியர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். என் முகத்துக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுவந்து மணந்து பார்த்தார்.

"தம்பி, தவறணைக்குப் போனனீரோ?"

"ஓம். ஆனா அளக்கத்தான்…"

"எல்லாரும் அளவாத்தான் குடிக்கிறம் எண்டு சொல்லுறவை."

ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்த வேலுப்பிள்ளைக்கு என் நிலைமை பொறுக்கவில்லை. "டொக்டர் ஐயாவைப் பிழையா நினையாதேங்கோ. நான் கூடவே இருந்தனான். ஒரு சொட்டும் கீழை சிந்தேல்லை."

தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கலியாணம் முறிந்தது என்றே நினைத்தேன். அன்று கதவைச் சாத்திவிட்டு உண்மையாகவே அழுதேன்.

காப்பாற்றியவள் ரஞ்சிதம். தகப்பனிடம் சொன்னாளாம்: "குடிக்கப் போற ஆள் அளவுக் கிளாஸும் கொண்டு பகல்லை போவாரோ? உவர் குடிகாரர் இல்லை அப்பா. மூளையிலை கொஞ்சம் விசர். அது பரவாயில்லை."

ஒரு மாதம் கழித்து வேலுப்பிள்ளை வந்தார். கை நடுக்கம் இல்லை, கள்ளு வாடையும் இல்லை. எந்த மருந்து பலித்தது என்று பெருமையாகக் கேட்டேன்.

"மருந்தில்லை ஐயா. அண்டைக்கு வெறியிலை நான் கவனிக்கேல்லை, நீங்களும் குடிச்சனீங்களெண்டு ஊரெல்லாம் கதை. என்னாலை ஒரு படிச்ச பிள்ளை கெட்டுப்போச்சுதெண்டு எனக்கு மனம் கேக்கேல்லை. நான் விட்டிட்டன். நீங்களும் விட்டிடுங்கோ."

உண்மையைச் சொன்னால் மனிதர் திரும்பத் தவறணைக்குப் போய்விடுவார். அவருடைய மனைவி வேறு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன். "நானும் விட்டிட்டன்."

வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள்ளும் என் தொண்டையில் இறங்கியதில்லை. ஆனாலும் விருந்துகளில் யாராவது ஒரு கிளாஸை நீட்டினால், ரஞ்சிதம் முந்திக்கொண்டு சொல்வாள்: "அவருக்கு வேண்டாம். அவர் விட்டிட்டார்."