தலைகீழாய் ஓடிய கிரகம்

எடுத்ததை எடுத்த மாதிரி திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இந்தக் காலத்தில் எவனுக்கும் கிடையாது. இரவல் வாங்கிய குடையை ஈரத்தோடு கொடுக்கிறான். சைக்கிளைக் காற்றில்லாமல் கொடுக்கிறான். சினிமாப் படத்தை மட்டும் ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்துவிடப் போகிறானா?

இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் ஆபரேட்டர் அந்த இரண்டு தகர டப்பாக்களையும் திறந்தார்.

படச்சுருள் ஓடி முடிந்தால் அதன் வால் வெளியே நிற்கும். அடுத்து ஓட்டுபவனுக்குத் தலை முதலில் வரும்படி அதைத் திருப்பிச் சுற்றி அனுப்ப வேண்டும். அதுதான் தொழில் மரியாதை. ஆயுசு முழுக்கத் தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டர், அந்த மரியாதையை ஒருத்தனிடமும் பார்த்ததில்லை. ஆகவே உட்கார்ந்து இரண்டு சுருளையும் கையாலேயே திருப்பிச் சுற்றி முடித்தார்.

"அப்பா, ஏற்கெனவே சுத்தி அனுப்பியிருக்காங்களான்னு பாத்தீங்களா?" என்றாள் மகள்.

"பாக்க என்ன இருக்கு? எவன் சுத்தியிருக்கான் உலகத்துல?"

 மகளுக்கு வேறு கவலை. வாசகசாலையின் மாடி ஹாலில் பழைய படங்கள் காட்டும் சங்கம் ஒன்றை அவள் நடத்தி வந்தாள். கூட்டம் வருவதில்லை. பக்கத்துத் தெரு மரச்சாமான் கடைக்காரர் அந்த ஹாலைக் குடோனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசகசாலைத் தலைவர் இன்றைக்குப் படம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வதாக இருந்தார்.

"இன்னிக்கு ஏதாவது சொதப்பினா, அடுத்த மாசத்துலேருந்து இந்த ஹால்ல கட்டிலும் பீரோவும்தான்பா உக்காந்திருக்கும்."

"நான் இருக்கேன்ல? ஆமா, என்ன படம் இது?"

"வேற கிரகத்துக் கதைப்பா. எல்லாம் கையால வரைஞ்சது. ரொம்பப் பழசு. இங்க யாரும் பாத்ததில்ல, நானும் படிச்சதோட சரி. பாஷையும் நமக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் லேசுல புரியாதாம்."

"புரியாத படத்தக் காட்டவா ஊரக் கூப்பிட்டிருக்க?"

"அதுதான்பா அதோட பெருமையே."

உனக்கு வாய்த்த பெருமை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அவர் பழைய புரொஜெக்டரில் முதல் சுருளை மாட்டினார்.

விளக்கு அணைந்தது. திரையில் சிவந்த குகை ஒன்று வந்தது. சுவரெல்லாம் ஈரம். அந்தச் சுவர் மூச்சு விடுவது போல விரிந்து விரிந்து சுருங்கியது. குகை முழுக்க வெளுத்த, நீளமான ஜனங்கள். கண் கிடையாது, கை கால் கிடையாது. ஒருவர் மேல் ஒருவர் பின்னிக்கொண்டு நெளிந்தார்கள். ஒலிபெருக்கியில் யாரோ பேச்சையெல்லாம் உள்ளே இழுத்து விழுங்குவது போலச் சத்தம் வந்தது.

ஆபரேட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இது என்ன கண்ராவி?

அப்புறம் அவருக்கே வேடிக்கையாகிவிட்டது. அந்த நீள ஜனங்கள் வளரவில்லை. பார்க்கப் பார்க்கச் சிறுத்தார்கள். கயிறு நூலாச்சு, நூல் புள்ளியாச்சு. கடைசியில் புள்ளிகள் மட்டும் கூட்டமாக மேலே மிதந்தன. தண்ணீர் அருவியும் மேலேதான் ஏறியது. குகை முடிகிற இடத்தில் வெள்ளைத் தூண்கள் வரிசையாக நட்ட ஒரு பெரிய வாசல். புள்ளிகளெல்லாம் அந்த வாசல் வழியாக வெளிச்சத்துக்குப் பறந்து போய்விட்டன.

தண்ணீர் எங்கேயாவது மேலே ஏறுமா? அவருக்குச் சந்தேகம் தட்டியது. புரொஜெக்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாகக் கடைசி வரிசையைக் கூப்பிட்டார்.

"தம்பி, தண்ணி மேல போகுதே, சரியாத்தான் இருக்கா?"

அங்கே உட்கார்ந்திருந்த வங்கி மேலாளர் திரும்பாமலே சொன்னார். "வேற கிரகம் பெரியவரே. அங்க அப்படித்தான். உஷ்!"

நீ போய்ப் பார்த்துவிட்டு வந்தாயாக்கும், என்று ஆபரேட்டர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

சுருள் முடிகிற நேரம். திரையில் தெரியாத எழுத்துகள் வந்தன. அதற்குப் பின்னால் எண்கள் வந்தன. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. 

 படம் ஆரம்பிக்கும் முன்னால் ஆபரேட்டருக்காக ஓடும் எண்கள் அவை. இறங்குமுகமாக வர வேண்டியவை. அவை கடைசியில், ஏறுமுகமாக வந்தால் ஒரே அர்த்தம்தான். எவனோ ஒரு யோக்கியன் சுருளை ஒழுங்காகச் சுற்றி அனுப்பியிருக்கிறான். அதை இவர் திருப்பிச் சுற்றிக் கெடுத்துவிட்டார். வால் முன்னால், தலை பின்னால், படம் மொத்தமும் தலைகீழ்.

"சொல்லியாவது அனுப்பியிருக்கக் கூடாது அந்தப் படுபாவி!" என்றார்.

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "எண்ணிக்கை ஏறுது பாத்தீங்களா!" என்றது ஒரு பெண் குரல். "அழிஞ்ச உடனே அங்க காலம் தொடங்குது!"

மகள் மூச்சிரைக்க அறைக்குள் வந்தாள். முகமெல்லாம் பல். "அப்பா, ஒருத்தர்கூட அசையலப்பா! தலைவர் நாற்காலி நுனிக்கு வந்துட்டார்!"

"அம்மாடி, படம் தலைகீழா ஓடியிருக்கு."

"என்னது?"

"வாலிலேருந்து தலைக்கு ஓட்டிட்டேன்."

அவள் முகத்திலிருந்த வெளிச்சம் ஒரு நொடி அணைந்து மறுபடி எரிந்தது. "அப்பா, உங்க கால்ல விழறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ரெண்டாவதையும் அப்படியே போட்டுடுங்க."

"தெரிஞ்சே தப்பா ஓட்டச் சொல்றியா? என் கை ஓட்டாது."

தலைவர் கூப்பிடவே மகள் ஓடினாள். ஆபரேட்டர் பிடிவாதமாக இரண்டாம் சுருளை மறுபடி நேராகச் சுற்றி மாட்டினார். ஒரு பாதியாவது யோக்கியமாக ஓடட்டும்.

யோக்கியமாகத்தான் ஓடியது. அதுதான் வினை.  தண்ணீர் கீழே விழுந்தது. யாரோ ஒருவர் தெரியாத பாஷையில் வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"ஆபரேட்டர்! படம் தலைகீழா ஓடுது!" தலைவரின் குரல்தான்.

"தண்ணி கீழ விழுது பாருங்க!" என்று வங்கி மேலாளர் எழுந்து நின்று கத்தினார். "என்ன ஓட்டுறீங்க நீங்க?"

"வயசானவங்கள வச்சா இப்படித்தான்," என்றது இன்னொரு குரல்.

தலைவர் மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையை ஆபரேட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டிலும் பீரோவும் வரிசையாக ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தன.

அவசரத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். விளக்கை அணைக்க மறந்துவிட்டார். நின்ற படத்தின் மேல் சூடு இறங்கி, திரை நடுவில் பழுப்பாய் ஒரு கொப்புளம் கிளம்பியது. அது கறுத்து, விரிந்து, சிவந்த குகையையும் நீள ஜனங்களையும் ஒரே விழுங்காக விழுங்கி, வெள்ளைவெளேர் என்று வெடித்தது.

போச்சு என்று ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஹாலில் கைதட்டல் எழுந்தது.

"சூரியன் வெடிச்சுப்போச்சு!" என்றார் தலைவர்.

அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஆபரேட்டர் கருகியதைக் கத்தரித்து, நாடா ஒட்டி, மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சுருளைத் திரும்பவும் வாலிலிருந்தே மாட்டினார். இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலிக் குகைக்குள் நீள ஜனங்கள் வெள்ளமாய்த் திரும்பி வந்தார்கள். செத்துக் கிடந்தவர்கள் எழுந்தார்கள். எங்கும் பரவிக் கிடந்த வெள்ளைத் தூள் ஒன்றுகூடி, உருண்டு, தட்டை நிலா மாதிரி ஆகி, குகையை விட்டு மேலே போயே போய்விட்டது.

விளக்குப் போட்டதும் பேச்சு தொடங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அந்த வெள்ளை நிலாதான் கடவுள்," என்றார் வங்கி மேலாளர். "கடவுள் கைவிட்டுட்டுப் போறார். அந்த ஜனங்க பாவம்."

"இல்ல சார், நிலா போனதுனாலதான் அவங்களுக்கு உயிரே வந்துச்சு," என்றாள் ஒரு கல்லூரி மாணவி. "எனக்கு அந்த நீள ஜனங்களைப் பாத்து அழுகை வந்துடுச்சு. எவ்வளவு ஒத்துமை!"

முன்வரிசையிலிருந்த குழந்தைகள் டாக்டர் எழுந்தார். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளெல்லாம் அவரிடம்தான் நாக்கை நீட்டும். "வரைஞ்சவன் கற்பனைய என்னன்னு சொல்றது! இப்படி ஒரு இடம், இப்படி ஒரு ஜீவராசி, என் வாழ்நாள்ல கனவுலகூடப் பாத்ததில்ல."

தலைவர் கையமர்த்தினார். "ஆபரேட்டர் ஐயாவும் ஒரு வார்த்தை சொல்லட்டும். எவ்வளவோ படம் ஓட்டின கை."

ஆபரேட்டர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் பொய் சொல்ல அவருக்கு வாய் வராது.

"என்னத்தச் சொல்றது," என்றார். "எல்லாம் தலைகீழா ஓடுச்சு. அவ்வளவுதான்."

 மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடடா!" என்றார் தலைவர். "நாம இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சதை ஒரே வரியில சொல்லிட்டாரே! உலகமே தலைகீழாத்தானே ஓடுது!"

"நான் அதச் சொல்லல..." என்று ஆபரேட்டர் இழுத்ததைக் கைதட்டல் அமுக்கிவிட்டது.

தலைவர் மகளின் தோளில் தட்டினார். "ஹால் உனக்குத்தாம்மா. மரச்சாமான் கடைக்காரரை வேற எடம் பாக்கச் சொல்லிடறேன். அடுத்த வாரமும் இதே படத்தைப் போடு. எங்க குடும்பம் மொத்தமும் வரும்."

"இதே மாதிரி போடணும்," என்றார் டாக்டர்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  "நீங்க வேணும்னு செஞ்சாலும் இப்படி வராதுப்பா," என்று காதோடு சொன்னாள்.

 அவளுக்கு ஹால் கிடைத்தது, நல்லது. ஆனால் திரையில் பார்த்த அந்த ஊர் ஆபரேட்டர் மனசை விட்டுப் போகமாட்டேன் என்றது. ஈரச் சுவர், வெள்ளைத் தூண் வாசல், கை கால் இல்லாத ஜனம். எங்கேயோ பக்கத்தில் இருக்கிற ஊர் போலவும் இருந்தது. கிரகமாவது, ஒன்றாவது! ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆளுக்கொன்று அளக்கிறார்கள்.

டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அவர் கீழே இறங்கினார். வாசலில் பட டப்பாக்களைக் கொண்டுவந்து இறக்கும் வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இந்தாப்பா, உன் டப்பா. ஒழுங்காச் சுத்தி அனுப்பினது எவன்னு தெரிஞ்சா சொல்லு, அவன நாலு கேள்வி கேக்கணும்," என்று வண்டியில் வைத்துவிட்டு ஆபரேட்டர் நடையைக் கட்டினார். "கிரகமாம் கிரகம்!"

நாலடி போவதற்குள் பின்னாலிருந்து வண்டிக்காரரின் குரல் கேட்டது.

"ஐயா, நில்லுங்க! உங்க படம் இன்னும் என் வண்டியிலேயே கிடக்கு! காலையில டப்பா மாறிப்போச்சு. இது பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குக் காட்டுற வெளிநாட்டுப் படம், வயித்துப் பூச்சி மாத்திரைப் படமாச்சே!"

இந்தக் காலத்தில் வண்டிக்காரன் பேச்சையெல்லாம் யார் நம்புவது? ஆபரேட்டர் திரும்பிப் பார்க்காமல், கொஞ்சம் எட்டிப் போட்டு நடந்தார்.