ஒன்பது திரையிலும் வெயில்

மழை வந்தால் நனைபவர்கள், குடை பிடிப்பவர்கள், அடுத்தவர் குடைக்குள் தலையை மட்டும் நுழைப்பவர்கள் என்று மனிதர்களில் மூன்று வகைதான் உண்டு என இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான்காவது வகை ஒன்று எங்கள் எதிர்வீட்டு மாடியில் வசிக்கிறது. அது நனைவதுமில்லை, குடை பிடிப்பதுமில்லை. மழையின் நீலம் எல்லாப் போனிலும் ஒரே நீலமாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் வானிலைப் படக்காரர்.

இவருடைய தொழில் என்ன? எங்கெங்கோ அளந்த காற்று, வெப்பம், ஈரம் எல்லாம் வெறும் எண்களாக வந்து குவியும். எண்களை யார் பார்ப்பார்கள்? அவற்றை அம்புக்குறிகளாகவும் வண்ணங்களாகவும் மாற்றி, எந்தப் போனிலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே படமாகக் காட்டும் மென்பொருளை நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார். நல்ல வேலை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய அறையில் இருக்கும் ஒரே ஜன்னலைக் குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையால் அடைத்திருக்கிறார். வெளிச்சம் பட்டால் திரைகளில் நிறம் சரியாகத் தெரியாதாம். அட்டையில் 'இந்தப் பக்கம் மேலே' என்ற எழுத்து தலைகீழாகத் தொங்குகிறது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். வணக்கம் சொல்லாது; "உங்க போனைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்கும். காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவர், டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னதும் கையை நீட்டினார், டாக்டரின் போனுக்காக. என் மனைவி காலமானபோது எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த அன்றும் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மேசைமேல் கிடந்த அவளுடைய போனைப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் எங்கிட்ட இல்ல சார்" என்றார். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஆறு போன், இரண்டு கம்ப்யூட்டர் என்று எட்டாக இருந்த அவர் படை ஒன்பதானது அப்படித்தான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. இந்த இனத்துக்குப் பிடித்த நாள் என்று ஒன்று இருக்கும். இவருக்குப் போன வருடத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. அன்று எந்த எண்ணும் விடுபடவில்லையாம், வடக்கே ஒரு சுழல் காற்று பம்பரம் மாதிரி அழகாக நின்றதாம், எங்கள் ஊரில் மட்டும் பளிச்சென்ற வெயிலாம். படம் சரியாக வருகிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? ஆகவே அந்தச் செவ்வாயின் எண்களைச் சேமித்து வைத்து, தினமும் அதையே ஓட்டிப் பார்ப்பார். ஊரில் வெள்ளி வரும், ஞாயிறு வரும். அந்த அறையில் மட்டும் எப்போதும் செவ்வாய்.

கீழ்வீட்டில் அவருடைய அக்கா. நாடக மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாக்களை வரைகிறவர். தம்பி காட்டும் வானத்துக்கும் அக்கா வரையும் வானத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: அக்காவுடையதைக் காயவைக்க வேண்டும்.

அன்றைக்கு அக்கா இருபதடிப் படுதாவில் ஒரு வசந்தகாலத் தோட்டத்தை முடித்திருந்தார். மேலே முழுக்க நீல வானம். மாலை ஐந்து மணிக்கு நாடகக்குழுவின் வேன் வரும். மறுநாள் இரவு நாடகம். போன தடவை மழையில் படுதா காயாமல் தாமதமாகிப்போனதால், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்குறோம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் குழு போய்விட்டால் அக்காவுக்கு வேறு வேலை கிடையாது.

எதிர்வீட்டில் என் ஜன்னல் திறந்துதான் இருக்கும். மொட்டைமாடியில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அறைக்குள் நடந்ததைப் பிற்பாடு அக்காவே நடித்துக் காட்டினார்.

சுருட்டிய படுதாவைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறிய அக்கா, தம்பியின் வாசலில் நின்றார்.

"தம்பி, வானம் மூட்டமா இருக்குடா. விரிக்கலாமா, வேணாமா?"

"இரு அக்கா, பாத்துச் சொல்றேன்."

பார்த்தார். எட்டுத் திரைகளில் வெயில் தகதகத்தது. ஒன்பதாவதில், என் மனைவியின் போனில், ஊர் முழுக்க நீலமாக மழை.

"எட்டு வெயிலுங்குது, ஒண்ணு மழைங்குது. அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணு தப்பு."

"எந்த ஒண்ணு?"

"அந்த ஒண்ணுதான்க்கா. எட்டு பேர் சேர்ந்து பொய் சொல்வாங்களா?"

"ஜன்னலைத் திறந்து ஒரு பார்வை பாத்துடட்டுமா?"

"ஐயோ, திறக்காதே! கலர் கெட்டுடும்."

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அந்தப் போன் யார் கையில் பழகியதோ அவளும் அப்படித்தான். எட்டு பேர் வெயில் என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "துணியை எடுங்க" என்பாள்.

படக்காரர் ஒன்பதாவது போனைத் திருத்த உட்கார்ந்தார். நாற்பது நிமிடம். அக்கா தோளில் வசந்தத்தைச் சுமந்தபடி கதவோரம் சாய்ந்து நின்றார். கடைசியில் தம்பி எட்டுத் திரைகளிலும் இருந்ததை அப்படியே ஒன்பதாவதற்கும் மாற்றினார். மழை மறைந்தது. வெயில் அடித்தது.

"சரியாயிடுச்சு! ஒன்பதும் வெயில். தைரியமா விரி."

அக்கா மொட்டைமாடியில் விரித்தார். நாலு மூலையிலும் செங்கல் வைத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தேன்.

"ஏம்பா, மேகம் கருத்துக்கிட்டு வருதே!"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "உங்க போன் பழசு சார்!"

"போன்ல இல்லப்பா, மேலே!"

அதற்குப் பதில் வரவில்லை. மழைதான் வந்தது. தூறலா? சாரலா? ஒன்றுமில்லை, நேரே கொட்டு கொட்டென்று கொட்டியது. அக்கா ஓடிவந்து சுருட்டுவதற்குள் வசந்தம் வழிந்து, பச்சை நீலத்தில் கலந்து, நீலம் கறுத்து, வானம் முழுக்கக் கன்னங்கரிய மேகமாகத் திரண்டுவிட்டது. அன்று அந்த வீட்டில் வானிலையைச் சரியாகக் காட்டிய ஒரே படம் அதுதான்.

படக்காரர் படியில் நின்று, நனைந்தபடி, கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் வெயில். உற்றுப் பார்த்தார். மூலையில் பொடி எழுத்தில் தேதி. போன வருடம். செவ்வாய்க்கிழமை.

"அக்கா," என்றார் மெல்ல. "அந்த ஒண்ணுலதான் இன்னைய வானிலை ஓடிக்கிட்டு இருந்திருக்கு. மீதி எட்டையும் அந்தச் செவ்வாய்லேருந்து மாத்த மறந்துட்டேன்."

"மறக்கலடா. சரியா இருந்த ஒண்ணையும் கெடுக்க ஞாபகமா இருந்துச்சு பாரு, அதைச் சொல்லு!"

ஐந்து மணிக்கு மேனேஜர் வந்தார். படுதாவைப் பிரித்துப் பார்த்தார்.

"நாயகியும் நாயகனும் முதல்தடவை பாக்குற சீன்மா இது. இடி விழுற மாதிரி இருக்கு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி குறுக்கே வந்து, "தப்பு என்னுது சார். ஒருநாள் குடுங்க, நானும் கூட நின்னு வரையுறேன்" என்றார். நான்கு வருடத்தில் போனைக் கேட்காமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"நாளைக்கு மத்தியானம் பன்னண்டு. ஒரு நிமிஷம் தாண்டுனாலும் வேற ஆள்தான்."

திரைகளை மூலையில் அடுக்கிவிட்டு அந்த அறையிலேயே படுதாவை விரித்தார்கள். விடிந்ததும் வெளிச்சம் வேண்டுமென்று அக்கா அந்த அட்டையைப் பிய்த்தெறிந்தார். தோட்டம் அக்காவுக்கு, வானம் தம்பிக்கு. தூரிகையோடு ஜன்னலில் நின்று, மழை கழுவிவிட்ட வானத்தை அவர் ஒரு முழு நிமிடம் அண்ணாந்து பார்த்ததை நான் பார்த்தேன். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. மனுஷன் திருந்திவிட்டான்!

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது மேனேஜர் தலையாட்டினார். "நீலம் நல்லா இருக்கும்மா. அடுத்த நாடகத்துக்கும் நீங்களே போடுங்க." அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேன் கிளம்பியது. தம்பி பின்னாலேயே தெருமுனை வரை ஓடினார். நன்றி சொல்லத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன்.

"சார், ஒரு நிமிஷம்! உங்க போன்ல ஒரு போட்டோ எடுங்க. அந்த நீலம் அதுல எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஒன்பது போன் இல்லை, ஜன்னலில் அட்டை இல்லை, போன வருடத்துச் செவ்வாய்க்கிழமை இல்லை. சரி, ஒரே ஒரு கேள்வி. இப்போது உங்கள் தெருவில் மழையா, வெயிலா?

உங்கள் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.