ரீசெட் சித்தரும் பிரிக்காத பெட்டியும்

ஞாயிற்றுக்கிழமையானால் அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதிக் கம்பெனி ஓடாது. ரீசெட் சித்தரின் தகரக் கொட்டகை மட்டும் அன்றைக்குத்தான் ஓகோவென்று ஓடும். வரிசை பஸ் ஸ்டாப் வரை நீளும். எல்லோர் கையிலும் ஆன்லைனில் வாங்கிய பழைய சாமான். தானாக அணையும் போன், கொதிக்கும் லேப்டாப், ஒரு காதில் மட்டும் பாடும் ஹெட்போன். இதற்கெல்லாம் மெக்கானிக் எதற்கு? பழைய சொந்தக்காரரின் ஆவி உள்ளே குடியிருப்பதைச் சித்தர்தான் கண்டுபிடித்துவிட்டாரே! விஞ்ஞானிகள் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை, பாவம்.

வரிசையில் கன்னியப்பனும் நின்றான். சாப்பாடு டெலிவரி செய்கிறவன். பாடி மேம்பாலத்தில் அவனுடைய போன் கை நழுவி லாரிச் சக்கரத்துக்கு இரையாகிவிட்டது. போன் இல்லையென்றால் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. கையில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு, இரவல் போன் ஒன்றில் ஆர்டர் போட்டு, நசரத்பேட்டை கஜபதி என்பவனிடம் ஆன்லைனில் ஒரு பழைய போன் வாங்கினான். வந்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. மேலே மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்ததே காரணம்: 'பழைய பொருளில் பழைய தோஷம் இருக்கும். சித்தரிடம் காட்டாமல் பிரிக்காதீர்கள்.' கீழே சித்தரின் விலாசம். விற்கிறவனுக்கு நம்மேல் எவ்வளவு அக்கறை என்று கன்னியப்பன் உருகிப்போனான்.

அவன் மனைவி ராணி உருகவில்லை.

"இன்னாயா இது? திருப்பி அனுப்பணும்னா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். பெட்டிய பிரிக்கிறத வீடியோ எடுத்துக் குடுத்தாதான் ஒத்துக்குவானுங்க. நீ இன்னாடான்னா இங்க வந்து வரிசைல நின்னுகினு கீற!"

"கம்முனு இரு ராணி. சாமி காதுல உழப்போவுது."

அவர்களுக்கு முன்னால் செபாஸ்டியன், கொதிக்கிற லேப்டாப்போடு. சித்தர் கண்ணை மூடினார். "தீயில் மாண்டவனுடையது இது. அடுத்த அமாவாசை வரை அணைத்து வை. திருப்பி மட்டும் அனுப்பாதே. பொருள் போய்விடும், ஆவி உன் வீட்டிலேயே தங்கிவிடும்." அமாவாசை வருவதற்குள் திருப்பி அனுப்புகிற கெடுவும் முடிந்துவிடும். அதைச் சித்தர் சொல்லவில்லை. செபாஸ்டியனுக்கு விபூதிக்குப் பதிலாக மெழுகுவர்த்தி கொடுத்தார். எல்லா மதத்தாரையும் சமமாக மொட்டையடிக்கிற பரந்த மனசு!

அடுத்து கன்னியப்பன். பெட்டியைப் பயபக்தியோடு நீட்டினான். சித்தர் அதை நெற்றியில் வைத்து உடம்பை உலுக்கினார்.

"ஒரு பெண் தெரிகிறாள். ஆவடிப் பக்கம். காதலன் கைவிட்டுவிட்டான். இந்த போனைப் பார்த்துப் பார்த்து அழுதே உயிரை விட்டிருக்கிறாள்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உள்ள கீறது நல்லா தெரியுதா சாமி?" என்று கேட்டாள் ராணி.

"நிறத்தைக்கூடச் சொல்வேன் தாயே. கறுப்பு போன். ஓரத்தில் ஒரு கீறல்."

"அப்போ பிரிச்சுப் பாத்துடலாம். கறுப்பா இருந்து, கீறலும் இருந்துச்சுன்னா உன் கால்ல உழுறேன்."

"கூடாது! அமாவாசை வரை பிரிக்கக் கூடாது!"

"மூடி வெச்சாலே உள்ள கீறது உனுக்குத் தெரியுது. தொறந்து பாக்க இன்னா பயம்?"

கூட்டத்துக்கு இது நியாயமாகப் பட்டது. பக்தி முற்றியவர்கள்தான் முதலில் குதித்தார்கள். சாமி ஜெயிப்பதைப் பார்க்க வேண்டாமா? நன்றாக ஓடும் போன் வைத்திருந்தவர்களெல்லாம் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். சித்தரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, தைரியமாகவே தலையை ஆட்டினார்.

கன்னியப்பன் டேப்பைக் கிழித்தான். உள்ளே கசங்கிய செய்தித்தாள். அதற்குள்ளே நீல நிறத்தில் ஒரு துணி சோப்பு.

கன்னியப்பன் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாளைக்கு எதைக் காட்டி ஆர்டர் எடுப்பது? ஆனால் சித்தருக்கு அவனைவிடப் பெரிய அதிர்ச்சி. அருள்வாக்குத் தமிழ் அந்த நிமிஷமே மலையேறிவிட்டது.

"டேய் கஜபதி! ஓடாத கறுப்பு போனை வெச்சு அனுப்புறேன்னுதானடா சொன்னே? எனக்கே பட்டை நாமமா!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்தினார். ராணி சிரித்த சிரிப்பில் தகரமே அதிர்ந்தது.

"அல்லாரும் கேட்டுக்கங்கபா! ஆவி பேரு கஜபதியாம்! ஊடு நசரத்பேட்டையாம்!"

கொட்டகையே வெடித்துச் சிரித்தது. செபாஸ்டியன் மெழுகுவர்த்தியைச் சித்தர் கையிலேயே திணித்துவிட்டு, லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப ஓடினான். பின்பக்கம் நழுவப் பார்த்த சித்தரை ஹெட்போன்காரர்கள் வளைத்துக்கொண்டார்கள். காணிக்கையெல்லாம் அங்கேயே கக்கவைத்தார்கள். எடுத்த வீடியோவை ஆளாளுக்குக் கன்னியப்பனிடம் நீட்டினார்கள். அவர்களில் ஒருவர் போனிலிருந்தே, சாயங்காலக் கெடுவுக்கு முன்பே புகார் போய்ச் சேர்ந்தது. பணம் திரும்பி வந்ததும் கன்னியப்பன் நேரே கடைக்குப் போய், ஓட்டிப் பார்த்து, பேசிப் பார்த்து, அதன் பிறகே ஒரு போன் வாங்கினான்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு எல்லோரும் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் ராணியிடம் மெதுவாக வந்தார். "ஏம்மா, அந்த சோப்புல தோஷம் கழிஞ்சுடுச்சா? துணி தொவைக்கலாமா?"

பார்சல் பெட்டியைப் பிரித்தாயிற்று. கழுத்துக்கு மேலே ஒரு பெட்டியைப் பிறந்ததிலிருந்து பிரிக்காமலே சுமந்து திரிகிறீர்களே, அதை எந்த அமாவாசைக்கு ஐயா பிரிக்கப் போகிறீர்கள்?