தட்டு சர்வேயரும் சிமெண்ட் பெர்மிட்டும்

அரியலூரில் கரண்ட் போனால் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷன் தட்டு சர்வேயர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவேன். விளக்கு போனதும் தெருவே "ஐயோ" என்று அலறும். எங்கள் எதிர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மட்டும் "அப்பாடா" என்று ஒரு குரல் வரும்.

எண்பதுகளின் ஆரம்பம். நான் அப்போது அரியலூரில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாலுகா ஆபீஸ் சர்வேயர். பகலெல்லாம் வயல் வரப்பில் முக்காலியை நட்டு, சங்கிலி பிடித்து அளப்பார். பொழுது சாய்ந்துவிட்டால் சர்க்காருடைய அதே முக்காலியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், அதன் தலையில் ஒரு பழைய ஜெர்மன் கேமராவை மாட்டி, ஆகாயத்தைப் பார்த்து வைத்துவிடுவார். ஒரு மணி நேரம் கேமரா கண்ணைத் திறந்துகொண்டே இருக்கும். நட்சத்திரங்கள் நகர நகர, படத்தில் வெள்ளைக் கோடு கோடாக விழும்.

தெருவிளக்கு வெளிச்சம் படத்தைக் கெடுக்கிறது என்று தன் குடையை விரித்துத் துரட்டிக் கம்பால் விளக்குக் கம்பத்தில் மாட்டிவிடுவார். மழைக்காலத்தில் விளக்கு நனையாது, அவர் நனைவார்.

"இந்தக் கோடெல்லாம் என்ன சார்?" என்று படத்தைக் காட்டிக் கேட்டு மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

"அதுவா? நேத்து வந்தாங்க தம்பி."

"யாரு சார்?"

"மேலேருந்து. பறக்கும் தட்டுல. ரெண்டு பேரு. பெரம்பலூருக்கு எப்படிப் போறதுன்னு வழி கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கடைசி பஸ் போயிடுச்சுன்னுட்டேன்."

முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இருக்காது. இப்படித்தான் அவர் தட்டு சர்வேயர் ஆனார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா மாடியில் வத்தல் காயப்போடுவார். காலையில் அள்ள வரும்போது, "என்ன சார், நேத்து வந்தாங்களா?" என்று ஒரு குத்தல் கேள்வி. சர்வேயர் பல்லைத் துலக்கிக்கொண்டே, "வந்தாங்கம்மா. உங்க வத்தல்ல ஒண்ணு எடுத்து வாயில போட்டாங்க. உப்பு கொஞ்சம் தூக்கல்னாங்க" என்பார். அந்தம்மா, "க்கும், அவங்களுக்கு என்ன தெரியும்" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனார். ஆனால் அடுத்த தடவை போட்ட வத்தலில் உப்பு குறைவாகத்தான் இருந்தது. நான் தின்று பார்த்தேன்.

அவர் மேஜைமேல் ஒரு கல் கிடக்கும். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் கிடைக்குமே, நத்தை மாதிரி சுருண்டு, கல்லாகிப்போன கடல் சிப்பி, அந்தக் கல். "அவங்க வண்டியோட பல்சக்கரம் தம்பி. கழண்டு விழுந்துடுச்சு. தேடிக்கிட்டு வந்தா குடுக்கணும்" என்று பத்திரமாக வைத்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த சிமெண்ட் கதை. அப்போதெல்லாம் சிமெண்ட் வாங்கப் பெர்மிட் வேண்டும். ஊரைச் சுற்றி சிமெண்ட் ஆலைப் புகைதான், ஆனால் ஒரு மூட்டைக்கு நாயாய் அலைய வேண்டும். ஒருநாள் சர்வேயர் டீக்கடையில் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"நேத்து திரும்பவும் வந்தாங்க. மேல வூடு கட்டுறாங்களாம். நாப்பது மூட்டை சிமெண்ட் வேணும்னாங்க. பெர்மிட் இருக்கான்னு கேட்டேன். முழிச்சாங்க. ரேஷன் கார்டாச்சும் இருக்கான்னேன். அதுவும் இல்ல. தாசில்தார்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ்வளவு தூரத்துலேருந்து வந்தவங்க, பாவம், தட்டைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க."

கடையே குலுங்கிச் சிரித்தது. நானும் இதை என் பங்குக்குக் கை கால் வைத்து உரக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் அது என் தலையிலேயே விடியும் என்று யார் கண்டது?

இப்படி ஊர் வாயையே அடைக்கிற மனுஷனை வாயடைக்க வைத்தவர் ஒரே ஒருத்தர், கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த பாய். ஒரு மார்கழியில் சர்வேயர் நேரத்தைக் குறைத்து, நட்சத்திரம் கோடாக இழுபடாமல் புள்ளியாகவே விழும்படி ஒரு படம் எடுத்து, பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி பாயிடம் கொடுத்தார். மூன்று நாள் கழித்துப் போனோம். பாய் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார். படம் தோசைக்கல் மாதிரி மொழுக்கென்று கறுப்பாக இருந்தது.

"பாய், நட்சத்திரம் எங்க பாய்?"

"எது சார்?"

"வெள்ளை வெள்ளையா புள்ளி இருந்திருக்குமே!"

"அது தூசு சார்! படம் பூரா தூசு! மூணு நாளு குந்திக்கிட்டு ஒண்ணொண்ணா மை தொட்டு எடுத்தேன். கண்ணே போயிடுச்சு. அல்லா மேல ஆணையா சொல்றேன், இப்ப ஒரு புள்ளி காட்டுங்க பாப்போம்."

"பாய், அது மார்கழி மாச ஆகாயம் பாய்."

"மார்கழியோ தையோ, தூசு தூசுதான் சார். நம்ம ஸ்டுடியோவுலேருந்து புள்ளியோட ஒரு படம் இதுவரைக்கும் வெளிய போனதில்ல."

சர்வேயர் அந்தக் கறுப்பு அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். அவர் அப்படி வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இவ்வளவு பேசுகிற மனுஷனுக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வாலிகண்டபுரத்தில் இருந்த அவர் அக்கா ஒன்பது இடம் பார்த்து ஒன்பதும் தட்டிப்போனது. பத்தாவதாக ஒரு பெண்ணின் போட்டோ வந்தது. கூடவே அக்காவின் கடிதம். "தம்பி, இந்தத் தடவையாவது வாயைப் பொத்திக்கிட்டு இரு."

போட்டோவில் அந்தப் பெண் உரித்த முட்டை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. சர்வேயர் அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, இது சிரிப்பை அடக்கிக்கிட்டு உக்காந்திருக்குற மாதிரி இல்ல?"

சட்டைப் பையில் வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. இரண்டு நாள் மாடிக்கே போகவில்லை. கரண்ட் போனபோதுகூட "அப்பாடா" கேட்கவில்லை. ஆள் விழுந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போவார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அந்த வாரம் ஒரு மத்தியானம், தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் உரக்கடைக்கு வந்து முந்திரிக்கு என்ன உரம் போடலாம் என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக, "உங்க எதுத்த வூட்டுல ஒரு சர்வேயர் இருக்காராமே, ஆளு எப்படிங்க?" என்றார். ஏதோ வரப்புத் தகராறு போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்க ஒரு புது ஆள் கிடைத்ததும் எனக்கு நாக்கில் சனி.

"அவரா? பெரிய ஆளுங்க! மாடிக்கு மேலேருந்து ரெண்டு பேரு வந்து அவருகிட்டதான் பேசிட்டுப் போவாங்க. நாப்பது மூட்டை சிமெண்ட் கேட்டாங்க, பெர்மிட் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "குடிப் பழக்கம் கிடிப் பழக்கம்..."

"சேச்சே! டீ கூட எப்பவாச்சும்தான். இதெல்லாம் தெளிவா இருக்கும்போதே பேசறதுங்க."

அவர் உரம் வாங்காமலே போனார். நான் சிரித்துக்கொண்டே மூட்டை தைக்க ஆரம்பித்தேன்.

நாலாம் நாள் பெண் வீட்டிலிருந்து கார்டு வந்தது. "ஜாதகம் பொருந்தவில்லை." சர்வேயர் மாடிச் சுவரில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணோட அப்பா போன வாரம் இங்க வந்து விசாரிச்சுட்டுப் போனாராம் தம்பி. முந்திரிக்காட்டுக்காரரு" என்றார். முந்திரிக்கு உரம் கேட்ட அந்தப் பெரியவர்தான். மறைக்க மனம் வரவில்லை. நடந்ததை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அவர் திட்டவில்லை. "கதை நான் கட்டினதுதானே. ஒம்போது இடம் போனப்பவும் எனக்கு ஒண்ணும் தோணல தம்பி. இது போனா கஷ்டமா இருக்கு" என்றார். அவர் குரலில் விளையாட்டே இல்லாமல் நான் கேட்ட முதல் பேச்சு அது.

மறுநாள் காலையில் என் கதவைத் தட்டினார். சலவைச் சட்டை, கையில் மஞ்சள் பை. "கெளம்பு. கெடுத்தவன் நீ, கட்டினவன் நான். ரெண்டு பேரும் நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடுவோம்."

ஜெயங்கொண்டம் வரை ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி முந்திரிக்காட்டு ஓரத்தில் அந்த வீடு. பெரியவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலி போட்டார், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

"ஐயா, நான் அன்னிக்குச் சொன்னதெல்லாம் பொய்யிங்க" என்றேன் எடுத்த எடுப்பில்.

"எது? குடிக்க மாட்டாருன்னு சொன்னீங்களே, அதுவா?"

சர்வேயர் மஞ்சள் பையிலிருந்து படங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார். "வெறும் நட்சத்திரங்க. வேற ஒண்ணும் இல்ல. விளையாட்டுக்குப் பேசுவேன். உங்களுக்குப் பிடிக்கலன்னா இனிமே அந்தப் பேச்சே பேச மாட்டேங்க." அதைக் கேட்க எனக்கே என்னவோ போலிருந்தது. அவரிடமிருந்து அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் மீதி முக்காலிதான்.

பெரியவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அவங்களுக்குக் கடைசியில பெர்மிட் கெடைச்சுதாங்களா?"

"நீ உள்ள போம்மா!" என்றார் பெரியவர் பதறிப்போய். அவள் உள்ளே போகவில்லை. இரண்டு தம்ளரில் மோர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் நிறைய அம்மைத் தழும்பு. போட்டோவில் அதில் ஒன்றுகூட இல்லை.

பெரியவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினார். "ஆறு பேரு வந்தாங்க. எல்லாரும் மோரைக் குடிச்சுட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னுதான் போனாங்க. ஏழாவதா ஒருத்தர் அப்படி எந்திரிச்சுப் போறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லைங்க. உங்களைப் பத்தி இவரு சொன்னது ஒரு சாக்காப் போச்சு. கார்டைப் போட்டுட்டேன்."

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்தார். அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் தம்ளரை நீட்டியபடி நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்த ஸ்டுடியோவுல எடுத்ததுங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"அரியலூருதாங்க. கடைத்தெருவுல பாய் ஸ்டுடியோ."

"அந்தாளா!" சர்வேயர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அடப் பாவி மனுஷா! என் மார்கழி ஆகாயத்தையே தொடச்சு எடுத்தவருங்க அவரு! இவங்களையும் விட்டு வைக்கலையா?"

அந்தக் கதையை அங்கேயே, பாய் குரலிலேயே சொன்னார். 'மார்கழியோ தையோ, தூசு தூசுதான் சார்' என்று வந்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போட்டோவில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அதுதான்.

"நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லல நீங்க" என்றாள்.

"எதுக்குங்க?"

"மூட்டைக்கு."

சர்வேயர் முகம் பழையபடி ஆனது. "இருவது மூட்டை சாங்ஷன் ஆயிருக்குங்க. மிச்சம் தை மாசந்தான்."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிதான், இதுவும் அந்தக் கேஸுதானா" என்று முணுமுணுத்துவிட்டு, உள்ளே பார்த்து, "இலையப் போடு" என்று குரல் கொடுத்தார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் எங்கள் பக்கத்தில் யாரும் கை நனைப்பதில்லை. சர்வேயர் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார்.

தை மாதமே கல்யாணம். போட்டோ பாய்தான். படம் கழுவிப் போடுகிற அன்று சர்வேயர் ஸ்டுடியோவுக்குப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பாய், இவ முகத்துல ஒரு புள்ளி போச்சு, நமக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல." பாய்க்குக் கை துறுதுறுத்தது. ஆனால் தொடவில்லை. காய்ந்த படத்தைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு" என்றார்.

அந்தப் படத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நானும் நிற்கிறேன். என் கன்னத்தில் இருக்கும் பெரிய மச்சத்தை மட்டும் காணோம். கேட்டதற்கு பாய், "அவரு தன் வூட்டுக்காரம்மாவைத்தானே தொடக்கூடாதுன்னாரு" என்றார்.

இரண்டு வருஷத்தில் சர்வேயருக்குத் தெற்கே எங்கோ மாற்றலாகிவிட்டது. பஸ் ஏறும்போது அந்த நத்தைக் கல்லை என் கையில் வைத்து, "தேடிக்கிட்டு வந்தா குடுத்துடு தம்பி" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "கையெழுத்து வாங்காம குடுத்துடாதீங்க" என்றார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் நானும் ஊர் மாறினேன், அவரும் எங்கெங்கோ மாறினார், விலாசம் விட்டுப்போயிற்று.

இப்போது சிமெண்டுக்குப் பெர்மிட் எல்லாம் கிடையாது. கல் என் மேஜைமேல்தான் இருக்கிறது. கரண்ட் போனால் நானும் மாடிக்குப் போய் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என்றைக்காவது அவர்கள் பல்சக்கரத்தைத் தேடிக்கொண்டு வந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவேன். போகிற வழியில் என்னை மட்டும் சர்வேயர் வீட்டு மாடியில் இறக்கிவிட்டுப் போகட்டும்.