எங்க அத்தா ஃப்ரெஞ்சுக்காரர் இல்லீங்க!

போன வெள்ளிக்கிழமை எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கேஸ் ஏஜென்சிக்குப் போகணும், அத்தா பேர்ல இருக்கிற கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்தணும், ஜும்மா தொழுகைக்குள்ள வீடு திரும்பணும்.

அத்தா, அதான் எங்கப்பா, மவுத்தாகி எட்டு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் அவரு பேர்லயே சிலிண்டர் வந்துக்கிட்டுதான் இருந்தது. திடீர்னு ஒருநாள் புக் பண்ணா, 'கனெக்‌ஷன்தாரர் நேரில் வரவும்'னு மெசேஜ்.

அவரு எங்கேருந்து வருவாரு?

வீட்டுல இருக்கிற சிலிண்டரை ஆட்டி ஆட்டி சமைச்சுக்கிட்டிருந்தா என் பொண்டாட்டி நூர்ஜஹான். ஞாயித்துக்கிழமை எங்க பொண்ணு சமீராவைப் பாக்க காரைக்கால்ல இருந்து எட்டு பேரு வர்றாங்க.

"இன்னைக்கு இந்த வேலை முடியலேன்னா, வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் தண்ணியும்தான். நோன்பு தொறந்துட்டுப் போகட்டும்"னு சொல்லிட்டா.

சொல்லிட்டு நாலு பேப்பரைக் கையில குடுத்தா. என் ஆதார், ரேஷன் கார்டு, அத்தாவோட டெத் சர்ட்டிஃபிகேட், கேஸ் புக்.

"இது போதுங்க."

போதுமாம்! பாஞ்சு வருஷம்... இல்ல, இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியும் என்னைத் தெரியாத மாதிரியே பேசுறா.

எங்கிட்ட ஒரு நீல ஃபைல் இருக்கு. உள்ள பதினாலு ப்ரூஃப். ஓட்டர் கார்டு, பான் கார்டு, பொறந்த சர்ட்டிஃபிகேட், பத்தாவது மார்க் ஷீட், டி.சி., நிக்காஹ் பத்திரம், வீட்டு வரி ரசீதுன்னு என் மொத்த ஜாதகமும் அதுக்குள்ள அடக்கம். பாஸ்போர்ட் மட்டும் இல்ல. எடுக்கணும்னு தோணினதே இல்ல. வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போறதுக்கு எதுக்கு பாஸ்போர்ட்?

ஆனா அந்த மீன் வாங்கப் போறதுக்கும் ஃபைலை எடுத்துக்கிட்டுத்தான் போவேன். அதான் என் புத்தி.

இந்தக் கிறுக்கு முதல்ல எனக்கு இல்லீங்க. என் சித்தப்பா பையன் வெளி மாநிலத்துல வேலை பாக்குறான். ஒருநாள் ரயில்வே ஸ்டேஷன்ல போலீஸ்காரங்க இவன் பேரைக் கேட்டுட்டு, "எந்த நாடு? பேப்பர் காட்டு"ன்னு ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்களாம். அப்புறம் போகச் சொல்லிட்டாங்க. ஒண்ணும் ஆகல. ஃபோன்ல அவன் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்கு சிரிப்பு வரல. மறுநாளே கடைக்குப் போய் ஃபைல் வாங்கிட்டேன்.

சமீராவுக்கு அந்த ஃபைலைக் கண்டாலே ஆகாது.

"அத்தா, யாருமே கேக்காத கேள்விக்கு எதுக்கு பதிலைத் தூக்கிக்கிட்டு அலையுறீங்க? பக்கத்து வீட்டுல யாராச்சும் இப்படி எடுத்துக்கிட்டுப் போறாங்களா?"

"கேட்டாங்கன்னா?"

"கேக்கட்டும். அப்ப வீட்டுக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. நீங்களே உங்க மேல சந்தேகப்படுற மாதிரி இருக்கு."

பெத்த பொண்ணு வக்கீல் மாதிரி பேசினா நமக்குப் பெருமைதான். ஆனா ஃபைலை வெக்கல. நாலு பேப்பரையும் அதுலயே சொருகிக்கிட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டேன்.

ஏஜென்சியில எனக்கு முன்னாடி ஏழு பேரு. கவுன்ட்டர்ல புதுசா சேர்ந்த பொண்ணு, திண்டிவனம் பக்கம். ரொம்ப மரியாதையான பொண்ணு. அதைக் குத்தம் சொல்லவே மாட்டேன். குத்தம் பூரா என்னுது.

நாலு பேப்பரை வாங்கிப் பாத்துச்சு. டைப் பண்ணுச்சு.

"ஓகே சார். ஒரு கையெழுத்து, ஒரு கைரேகை. அவ்ளோதான்."

அவ்ளோதான்! அங்கயே ஒரு கும்பிடு போட்டுட்டு நான் வந்திருக்கணும். ஆனா பதினாலு ப்ரூஃபைச் சுமந்துக்கிட்டு வந்தவனுக்கு நாலே பேப்பர்ல வேலை முடிஞ்சா மனசு ஆறுமா?

"இரும்மா, எதுக்கும் இதையும் பாத்துடு"ன்னு ஃபைலைத் தொறந்தேன்.

மேல இருந்த ஃபேன் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்துச்சு போல. என் குடியுரிமை மொத்தமும் பறந்து ஏஜென்சி பூரா எறங்குச்சு.

வரிசையில நின்னவங்க நல்ல மனுஷங்க. ஓடி ஓடிப் பொறுக்கிக் குடுத்தாங்க. பொறுக்கினவங்க சும்மா குடுக்கக்கூடாதா? ஒருத்தரு என் மார்க் ஷீட்டைச் சத்தமாவே படிச்சாரு.

"கணக்குல முப்பத்தாறா சார்?"

வைத்திக்குப்பத்துல மீன் விக்கிற ஒரு அக்கா வரிசையில இருந்தாங்க. எங்கிட்ட கண்ணாடி வாங்கினவங்க. பஜார்ல எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கு. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டே என் நிக்காஹ் பத்திரத்துல இருந்த ஃபோட்டோவைப் பாத்துட்டு, "தம்பிக்கு அப்போ முடியெல்லாம் இருந்துகிது"ன்னாங்க.

எல்லாத்தையும் வாரி கவுன்ட்டர்ல வெச்சேன். மேல வந்து உக்காந்த பேப்பரு, ஃபைல் அடியில கிடந்த அத்தாவோட பொறந்த சர்ட்டிஃபிகேட். பழுப்புக் காகிதம், சுருள் சுருளா கையெழுத்து, வட்டமா ஒரு முத்திரை. அத்தனையும் ஃப்ரெஞ்சு.

அந்தப் பொண்ணு அதை உத்துப் பாத்துச்சு.

"சார், சேடர் மோய்டைன் யாரு?"

"சேடர் இல்லம்மா, காதர். காதர் மொய்தீன். எங்க அத்தாதான். ஃப்ரெஞ்சுல அப்படித்தான் சி போட்டு எழுதுவாங்க."

"ஃப்ரெஞ்சா?"

அந்த ஒரு வார்த்தையில அதோட விரல் கீபோர்டை விட்டு எழுந்துடுச்சு. அதுவும் கூடவே எழுந்து உள்ள போச்சு. வரும்போது மேனேஜரைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு.

மேனேஜர் சேலத்துல இருந்து மாத்தலாகி வந்தவரு. வந்து ஒரு மாசம் ஆகுது. பாண்டிச்சேரியில இன்னும் பீச்சைத் தவிர எதையும் பாக்கல.

"சார், உங்க ஃபாதர் ஃப்ரெஞ்சு நேஷனலா?"

"இல்ல சார், இந்தியன்."

"சர்ட்டிஃபிகேட் ஃப்ரெஞ்சு கவர்மென்ட் குடுத்தது."

"அவரு பொறந்தப்போ இங்க அந்த கவர்மென்ட்தான் சார் இருந்துச்சு."

"புரியுது சார். ஆனா ஃபாரினர் பேர்ல இருக்கிற கனெக்‌ஷன்னா அது வேற ஃபார்ம். மேல அப்ரூவல் வரணும். ஒரு பத்து, பாஞ்சு நாள் ஆகும்."

பாஞ்சு நாளா! கண்ணு முன்னாடி எட்டு பேரீச்சம்பழம் வரிசையா வந்து நின்னுச்சு.

"சார், என்னோட ப்ரூஃப் பதினாலு இருக்கு!"

"உங்களுது எல்லாம் பக்கா சார். எங்களுக்கு உங்க ஃபாதருதுதான் வேணும்."

அங்கதான் மாட்டினேன். எனக்கு பதினாலு. அத்தாவுக்கு ரெண்டே ரெண்டு. மனுஷன் ஃப்ரெஞ்சுல பொறந்து தமிழ்ல மவுத்தாயிட்டாரு. நடுவுல வாழ்ந்ததுக்கு ஃபைல்ல ஒண்ணும் இல்ல.

"அத்தா ஆதார் வீட்டுல இருக்கு சார், போய் எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

"ஆதார் சிட்டிசன்ஷிப்புக்கு ப்ரூஃப் ஆகாது சார். இங்க ஃப்ரெஞ்சுக்காரங்களுக்கே ஆதார் இருக்கே. ஓட்டர் கார்டு?"

ஓட்டர் கார்டா! அத்தா மவுத்தான வாரமே பேரை நீக்கச் சொல்லி எழுதி, கார்டையும் கையோட ஒப்படைச்சுட்டேன். அவ்ளோ நல்ல குடிமகன் நான்.

மூச்சை இழுத்து விட்டுட்டு மேனேஜருக்குப் பாண்டிச்சேரி சரித்திரம் எடுக்க ஆரம்பிச்சேன்.

"சார், ஃப்ரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து ஊரு இந்தியாவுக்குக் கை மாறினப்போ, ஃப்ரெஞ்சுக்காரனாவே இருக்கணும்னு ஆசைப்பட்டவங்க மட்டும் எழுதிக் குடுக்கணும்னாங்க. எழுதிக் குடுக்காம சும்மா இருந்தவங்க எல்லாம் இந்தியன். எங்க அத்தா சும்மா இருந்தாரு."

மேனேஜர் நிதானமா தலையாட்டினாரு. நல்ல மனுஷன்.

"சரி சார். அப்ப அவரு எழுதிக் குடுக்கலேங்கிறதுக்கு ஒரு லெட்டர் இருந்தா குடுங்க. முடிச்சுடலாம்."

எழுதாத லெட்டருக்கு ஒரு லெட்டர்! சும்மா இருந்ததுக்கு எந்த ஆபீஸ்ல சார் சர்ட்டிஃபிகேட் தர்றான்?

வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான். இந்தியன்னு காட்ட எடுத்துக்கிட்டு வந்த பேப்பரை வெச்சே, எங்க அத்தாவைக் கப்பல் ஏத்தி விட்டுட்டேன்!

அப்பதான் வாசல்ல ஒரு குரல்.

"டேய் உஸ்மானு, இன்னாடா இங்க நிக்குற?"

அந்துவான் அண்ணன். எங்க பக்கத்து வீடு. ஃப்ரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு. இந்த மாதிரி ஆளுங்களை எங்க ஊர்ல 'சொல்தா'ன்னு சொல்வோம். மாசம் பொறந்தா ஃப்ரான்சுல இருந்து பென்ஷன் வரும். அவங்க அப்பா அன்னைக்கு எழுதிக் குடுத்தவரு. அதனால அண்ணன் சுத்தமான ஃப்ரெஞ்சுக் குடிமகன். ஆளு பாக்க என்னை விட ரெண்டு மடங்கு கருப்பு.

அவரு சிலிண்டர் வரலேன்னு சண்டை போட வந்தவரு. கைலி, அரைக்கை பனியன், கையில ஒரு மஞ்சப்பை. பையில முருங்கைக்காய்.

நான் அழாத குறையா கதையைச் சொன்னேன். அண்ணன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினாரு.

"மோன் தியே, அட ஆண்டவா! இவங்க அத்தா ஃப்ரெஞ்சா? ஐயா மேனேஜரே, இவங்க அத்தா ஃப்ரெஞ்சா இருந்திருந்தா பென்ஷன் வந்திருக்கும். இவன் பாரிஸ்ல ஒக்காந்து ரொட்டி துன்னுகினு இருப்பான். பஜார்ல எதுக்குக் கண்ணாடி தொடைச்சிகினு இருக்கான்?"

வரிசையே தலையாட்டுச்சு. மீன்கார அக்கா ஒரு படி மேல போனாங்க.

"ஃப்ரெஞ்சுக்காரன் கடையிலயா கண்ணாடிக்கு அவ்ளோ பேரம் பேசினேன்? மூஞ்சியப் பாரு சாமி. பென்ஷன் வர்ற மூஞ்சியா அது?"

மேனேஜர் என் மூஞ்சியப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"ஃப்ரான்சுல இருந்து பென்ஷன் எதுவும் வரலையா சார்?"

"ஒரு பைசா வரல சார்."

"அப்ப இந்தியன்தான்"னுட்டாரு.

வரிசையில நாலு பேரு கைதட்டினாங்க. என் வாழ்க்கையில, ஏழைன்னு நிரூபிச்சதுக்குக் கைதட்டு வாங்கினது அதான் முதல் தடவை.

"எதுக்கும் தெரிஞ்சவங்க ஒருத்தரு சாட்சிக் கையெழுத்து போட்டுட்டா நல்லது"ன்னாரு மேனேஜர். அந்துவான் அண்ணன் பேனாவை வாங்கி, 'இவர் தகப்பனார் இந்தியர்தான், எனக்கு நன்றாகத் தெரியும்'னு எழுதி, ஃப்ரெஞ்சுல ஒரு நீளக் கையெழுத்து போட்டாரு.

அவரை யாரும் எந்த நாடுன்னு கேக்கல. அவரோட சிலிண்டர் விவகாரமும் அங்கயே முடிஞ்சுது. அந்தப் பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"மொபைல் நம்பர் மட்டும் சொல்லுங்க சார்."

திரும்பும்போது அண்ணனை ஸ்கூட்டர் பின்னால ஏத்திக்கிட்டேன். ஃபைல் அவரு மடியில, மேல முருங்கைக்காய்.

"அண்ணே, உங்க ஃப்ரெஞ்சு கார்டை என்னைக்காச்சும் வெளிய எடுத்துக்கிட்டுப் போவீங்களா?"

"அது பீரோவுல கிடக்கு. எங்கிட்ட யாருடா கேக்கப் போறான்?"

எனக்கு சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. அண்ணன் மேல இல்ல. அவரு என்ன பண்ணுவாரு? ஃப்ரெஞ்சுக்காரரு கைலி கட்டிக்கிட்டு வீசின கையோட சுத்துறாரு. இந்த ஊரை விட்டா வேற ஊரு தெரியாத நான், மீன் வாங்கப் போனாலும் பதினாலு பேப்பரைச் சுமக்கிறேன். என் பேரு உஸ்மான்ங்கிறதால. வேற ஒரு காரணமும் இல்ல.

சிக்னல்ல நிக்கும்போது அண்ணன் தானாவே சொன்னாரு.

"எழுதிக் குடுக்கப் போறப்ப எங்கப்பா உங்கத்தாவையும் கூப்ட்டாராம்டா. 'வா காதரு, ஒரு கையெழுத்து, புள்ள குட்டி நல்லா இருக்கும்'னு. உங்கத்தா வரலையாம். எங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"ஏன் வரலையாம்?"

"'நான் இங்கதானே இருக்கேன், எனக்கு எதுக்குப் பேப்பரு'ன்னாராம்."

பச்சை விழுந்துடுச்சு. பின்னால ஹாரன் அடிக்கிறான். நான் வண்டியை எடுக்கல. எட்டு மாசமா வராத அழுகை அந்த சிக்னல்ல வந்துடுச்சு.

"அலே, அலே! வண்டிய எட்றா, பஸ்காரன் ஏத்திடப் போறான்!"ன்னு அண்ணன் முருங்கைக்காயாலயே முதுகுல ஒண்ணு போட்டாரு.

சனிக்கிழமை சாயங்காலம் சிலிண்டர் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை எட்டு பேருக்கும் பிரியாணி, தால்ச்சா. பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. சமீராதான் இன்னும் யோசிக்கிறா.

அன்னைக்கு ராத்திரியே ஃபைலை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். "அல்ஹம்துலில்லாஹ்! இனிமே கையை வீசிக்கிட்டுப் போவீங்கதானே?"ன்னா நூர்ஜஹான். ஆமான்னு வாக்கு குடுத்தேன்.

நேத்து கரண்ட் ஆபீஸ்ல, அத்தா பேர்ல இருந்த மீட்டரை மாத்துற வேலை. சொன்ன வாக்கைக் காப்பாத்தி, ஒரு ஃபைலும் எடுக்காமத்தான் போனேன்.

சொல்தா அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போனேன்.